துண்டுக்காரர் அழுத்திய குதிரை

குதிரையைப் பற்றித் துண்டுக்காரருக்குத் தெரிந்த அளவு குதிரைக்கே தெரியாது. எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து இதை நான் சத்தியம் செய்து சொல்லுவேன். அதே கோர்ட்டில் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கும். நான்கு வருஷ காலம், சீசன் தவறாமல், சனிக்கிழமை தவறாமல், அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த குதிரை ஊட்டிப் பந்தயத்தில் கடைசியாகத்தான் வந்தது. ஒரு மாறுதலுக்காகக் கடைசிக்கு முந்தினதாகக்கூட வந்ததில்லை. யோசித்துப் பார்த்தால் அதற்கும் ஒரு மேதைத்தனம் வேண்டும்.

முப்பதுகளில் நடந்த சங்கதி இது. கோயமுத்தூரில் அப்போது திரும்பிய பக்கமெல்லாம் புது மில்லுக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. நான் ஒரு பருத்தி ஏஜெண்டு ஆபீஸில் குமாஸ்தா. ஹெட்கிளார்க்கையும் சேர்த்து நாங்கள் ஐந்து பேர். வாரத்தில் நான்கு நாள் பஞ்சைப் பற்றிப் பேசுவோம். வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் குதிரையைப் பற்றித்தான் பேச்சு. ஏப்ரலில் ஊட்டியில் ரேஸ் ஆரம்பித்தால் ஜூன் வரைக்கும் எங்கள் ஆபீஸில் கணக்குப் பிழை சற்று அதிகமாகவே இருக்கும்.

துண்டுக்காரர் மாட்டுத் தரகர். அவருக்கு நிஜப் பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. சந்தையில் மாட்டு விலையை வாயால் பேசும் வழக்கம் கிடையாது. தரகர் தன் கையையும் வாங்குகிறவர் கையையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து அழுத்துவார். எத்தனை விரலோ அதுதான் விலை. பக்கத்தில் நிற்பவன் என்னதான் கழுத்தை நீட்டிப் பார்த்தாலும் துண்டுதான் தெரியும். எல்லாத் தரகரும் செய்வதுதான் இது. நம்மவர் மட்டும் சந்தையை விட்டு வெளியே வந்த பிறகும் துண்டை மடித்து வைக்கவில்லை.

கத்தரிக்காய் வாங்கினாலும் காய்க்காரம்மாள் கைமேல் துண்டைப் போடுவார். மேட்டுப்பாளையத்துக்கு டிக்கெட் வாங்கும்போது கம்பிக்குள் கையை விட்டு ஸ்டேஷன் குமாஸ்தாவின் கையைத் துண்டால் மூடி, இரண்டு விரலை மடக்கிப் பார்த்திருக்கிறார். ரயில் கட்டணம் சர்க்கார் வைத்தது, அதைக் குறைக்க முடியாது என்று அந்த மனிதர் அலறியபோது, "அதை ஏனுங்க ஊருக்கே கேக்கற மாதிரி சொல்றீங்க? விரல்ல சொல்லுங்க" என்றாராம். ஒரு சமயம் காய்ச்சலாகப் படுத்திருந்தபோது டாக்டர் வந்து நாடி பார்க்கக் கையைப் பிடித்தார். துண்டுக்காரர் கண்ணைத் திறக்காமலே தலைமாட்டிலிருந்த துண்டை எடுத்து இரண்டு கையையும் மூடிவிட்டார். வெளியே வந்த டாக்டர், பீஸில் கால்வாசி எப்படிக் குறைந்தது என்று எங்களைக் கேட்டார்.

இப்படிப்பட்டவர் குதிரைக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று கேட்பீர்கள். ரேஸ் குதிரைகள் ரயிலில் மேட்டுப்பாளையத்துக்கு வந்து இறங்கும். மலை ஏறுவதற்கு முன்னால் அங்கே மரத்தடியில் கட்டி வைப்பார்கள். துண்டுக்காரர் மாட்டு வியாபாரமாக அங்கே போன இடத்தில் ஒருநாள் இவற்றைப் பார்த்துவிட்டார். அன்று மாடு விற்கவில்லை. குதிரைக்காரர்களோடு சிநேகம் பிடித்து, சுருட்டு கொடுத்து, ஒவ்வொரு குதிரையையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பல்லைப் பிடித்துப் பார்த்தார், குளம்பைத் தட்டிப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார். மாட்டுக்குப் பார்ப்பதுபோலவே உடம்பில் ரோமச் சுழி எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்து மனசில் எழுதிக்கொண்டார். ஒரே ஒரு விஷயத்தில்தான் அவருக்குக் குறை. "திமில் இல்லீங்களே. திமில் இல்லாத சீவனை எதை வெச்சுங்க மதிக்கிறது?" என்று வெகுநாள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து வருஷா வருஷம் குதிரைகள் வந்து இறங்கும் நாளில் அவர் அங்கே ஆஜர். ஒருமுறை பார்த்தால் போதும், சீசன் முழுக்க ஞாபகம் இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயமுத்தூர் ஸ்டேஷனுக்கு எதிரேயிருந்த காபி கிளப்பில் உட்கார்ந்துகொள்வார். மறுநாள் ஓடப்போகும் குதிரைகளின் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு நான் போவேன். அதில் இருக்கும் இங்கிலீஷ் பெயரெல்லாம் அவரிடம் செல்லாது. மாட்டுக்குச் சொல்லும் நிறம்தான் அவருக்குப் பெயர். சாம்பல் நிறமாக இருந்தால் மயிலை, சிவப்பு என்றால் செவலை, கறுப்பு என்றால் காரி. சீமையில் ஏழு தலைமுறைப் பெயரோடு பிறந்து, கப்பலேறி வந்து, நம் ஊர்க் காபி கிளப்பில் 'மூக்கு வெளுத்த செவலை' என்று பெயர் வாங்கிய குதிரைகள் அநேகம்.

"அஞ்சாவதுங்க, சாம்பல் நிறம், வயசு ஆறு" என்று நான் படிப்பேன்.

"ஆரு, அந்த மயிலையா? முதுகுல ஏறுபூரான் சுழி இருக்குதுங்களே, அதுங்களா? நெம்ப சாதுங்க. கொழந்தை போய் வாலைப் புடிச்சு இழுத்தாலும் திரும்பிப் பாக்காது."

அப்புறம் துண்டை எடுத்து என் கைமேல் போடுவார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உள்ளே ஐந்து விரலையும் சேர்த்து அழுத்துவார். வாய்விட்டுச் சொன்னால் விலை கெட்டுப்போகும் என்பது அவருடைய எண்ணம். எனக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர் யாரிடமும் காசு வாங்கியதில்லை. ஒரு காபி, அதுவும் வற்புறுத்தினால். தானும் ஒருநாளும் குதிரைமேல் பணம் கட்டியதில்லை. தரகன் தனக்கென்று வாங்க ஆரம்பித்தால் கண் கெட்டுப்போகும் என்று சொல்லுவார்.

முதல் வாரம் ஆபீஸில் எல்லோரும் அவர் அழுத்திய குதிரையின்மேல்தான் கட்டினோம். மற்றக் குதிரைகள் வந்து, வியர்வை துடைத்து, லாயத்துக்குப் போன பிறகு அது வந்தது. திங்கட்கிழமை நான் சண்டை போடுவதற்கென்றே காபி கிளப்புக்குப் போனேன். அவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"ஜெயிச்சிருக்குமுங்களே" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்லக் கல் நெஞ்சு வேண்டும். எனக்கு அது இல்லை.

"ஜெயிச்சுதுங்க" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னது தப்பென்று ஹெட்கிளார்க்கிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். குதிரைகளின் வம்சாவளியை மனப்பாடமாக வைத்திருந்து, தன் சொந்தப் பாட்டனார் பெயரைக் கேட்டால் யோசிக்கும் மனிதர். மூன்று வாரம் துண்டுக்காரர் அழுத்திய எண்ணையும் பந்தய முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நாலாவது வாரம் கதவைச் சாத்திவிட்டு எங்களை அழைத்தார். ஐந்து குதிரை ஓடும் பந்தயத்தில் ஒன்று நிச்சயமாகத் தோற்கும் என்று முன்கூட்டியே தெரிவது எத்தனை பெரிய பாக்கியம் என்று எங்களுக்கு விளக்கினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த மனுஷன்கிட்ட உண்மையைச் சொல்லித் தொலைச்சுடாதேயும்" என்றார். "சொன்னா திருந்திடுவார்."

அன்றிலிருந்து நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை துண்டுக்காரர் அழுத்துவார். சனிக்கிழமை காலையில் ஹெட்கிளார்க் அந்தக் குதிரையைச் சிவப்பு மசியால் அடித்துவிட்டு மற்றவற்றில் ஒன்றைப் பொறுக்குவார். எங்களில் ஒருவன் பணத்தோடு மலை ஏறுவான். திங்கட்கிழமை நான் ஒரு பொட்டலம் ஊட்டி வர்க்கி ரொட்டியோடு காபி கிளப்புக்குப் போய், "உங்க குதிரைதானுங்க" என்பேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்க மாட்டார். மாடு கைமாறிய பிறகு அது எப்படி உழுகிறது என்று தரகன் கேட்கக் கூடாது என்பது தொழில் தருமமாம். எங்கள் வண்டவாளம் நான்கு வருஷம் வெளியே வராமல் இருந்ததற்கு அந்தத் தருமம்தான் காரணம். கையை நீட்டிய மற்றவர்களும் இதே வித்தையைக் கற்றுக்கொண்டு, எங்களைப் போலவே ஜெயித்தது என்று சொல்லி வந்தார்கள். அவர் வர்க்கியைக் கடிக்க ஆரம்பித்ததும் நான் எழுந்து வந்துவிடுவேன். ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமை கையை நீட்டாமல் இருந்ததில்லை.

ஐந்தாவது வருஷம் மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, எண்ணை அழுத்தி முடித்துவிட்டு அவர் துண்டை எடுக்கவில்லை.

"நாளைக்கு நானும் ஊட்டிக்கு வாரேனுங்க" என்றார். "நாலு வருசமா ஜெயிச்சிட்டிருக்குதுங்க. ஒரு தடவையாச்சும் நேர்ல பாக்கோணுமில்லீங்க?"

ஆபீஸில் போய்ச் சொன்னதும் ஹெட்கிளார்க்கின் முகம் வெளுத்தது. அன்று துண்டுக்காரர் அழுத்தியிருந்தது அந்த ஏறுபூரான் சுழி மயிலையைத்தான். அது போன பந்தயத்தில் ஓடிய லட்சணம் எங்களுக்குத் தெரியும். துண்டுக்காரர் கண்ணால் பார்த்துவிட்டால் எங்கள் நாலு வருஷப் பொய்யும் ஒரு நிமிஷத்தில் உடைந்துபோகும். ஹெட்கிளார்க் தன் அதிருஷ்டம் போய்விடுமே என்று பயந்தார். எனக்குத் துண்டுக்காரரின் முகம் எப்படி ஆகும் என்று நினைத்தாலே பயமாக இருந்தது. கடைசியில் ஒரு திட்டம் போட்டோம். மயிலை ஓடும் சமயத்தில் நான் அவரைக் கொட்டகைக்குப் பின்னால் டீ சாப்பிட அழைத்துப் போய்விட வேண்டும். திரும்பி வந்ததும், ஜெயித்துவிட்டது, நீங்கள்தான் பார்க்கவில்லை என்று எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும்.

மறுநாள் எல்லோருமாக ஊட்டியில் போய் இறங்கியதும் துண்டுக்காரருக்குப் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. துண்டைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னேன். அது தொழில் துண்டு, தலையில் கட்டுவதற்கல்ல என்று சொல்லிவிட்டார். பந்தயத்துக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டும் இடத்தில் போய் நின்றுகொண்டு, ஒவ்வொன்றையும் க்ஷேமம் விசாரித்தார். "கொஞ்சம் இக்கட்ட திரும்புங்க கண்ணு" என்று ஒரு செவலையிடம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அது திரும்பியது என்றுதான் நினைக்கிறேன்.

நான் பீடாக் கடைப் பக்கம் ஒரு நிமிஷம் தலையைத் திருப்பினேன். அதற்குள் அவர் தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரத் துரையின் கைமேல் துண்டைப் போட்டுவிட்டார். மயிலைக்குச் சொந்தக்காரர் அந்தத் துரை. இந்தப் பக்கத்தில் கைகுலுக்குவது இப்படித்தான்போலும் என்று அவர் நினைத்துக்கொண்டு, துண்டுக்குள் நன்றாகக் குலுக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். துண்டுக்காரர் என்னிடம் ஓடி வந்தார்.

"குதிரையை வித்துப்போடுவாராட்டம் இருக்குதுங்க. அஞ்சு விரலையும் புடிச்சு ஆட்டறாரு. அஞ்சு நூறா, அஞ்சாயிரமான்னுதான் வெளங்கலைங்க."

துரை குதிரையைக் கொடுக்க மாட்டார் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் மயிலையின் பந்தயத்துக்கு மணி அடித்துவிட்டது. டீ சாப்பிடலாம் என்று கூப்பிட்டேன். வேண்டாம் என்றார். குளிருக்கு நல்லது என்றேன். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முழுக்க வளர்ந்த ஒரு மாட்டை இழுத்து நிறுத்தும் ஆளை நான் எங்கே இழுப்பது? மேலே கொட்டகைப் படியிலிருந்து ஹெட்கிளார்க் எனக்குக் கண்ணால் ஜாடை காட்டிக் காட்டிக் கண்ணீரே விட்டுவிட்டார். காலையிலிருந்தே மலைமேல் மேகம் திரண்டிருந்தது. அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

ஐந்து குதிரைகளும் புறப்பட்டன. நான்கு குதிரைகள் ஒரு கும்பலாகப் போயின. மயிலை பின்னால் தனியாக, வயலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பிய மிராசுதார் மாதிரி வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில், மைதானத்துக்கு நேர் மேலே ஓர் இடி இடித்தது. என் ஆயுளில் அப்படி ஓர் இடியைக் கேட்டதில்லை. கூடவே புளியங்கொட்டைப் பருமனில் ஆலங்கட்டி.

முன்னால் போன குதிரை நின்ற இடத்தில் இரண்டு காலில் எழுந்து ஜாக்கியைப் புல்லில் உட்கார வைத்துவிட்டது. அடுத்தது வேலியைத் தாண்டி மார்க்கெட் பக்கம் போய்விட்டது. இன்னொன்று வந்த வழியே திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே ஓடியது. நாலாவது, நடுவில் நின்று நடுங்கியது. மயிலை ஒரே ஒரு தடவை ஆகாயத்தைப் பார்த்தது. அப்புறம் தலையைத் தாழ்த்திக்கொண்டு, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, அதே நடையில் வந்து முடிவுக் கம்பத்தைத் தாண்டியது.

கொட்டகையில் சத்தமே இல்லை. மயிலையின்மேல் யார் பணம் கட்டியிருக்கிறார்கள், கத்துவதற்கு? குடை பிடித்துக்கொண்டிருந்த ஒரு கிழத் துரைசானி மட்டும் கை தட்டினாள். துண்டுக்காரர் துள்ளவுமில்லை, கத்தவுமில்லை. நான்கு வருஷமாக நடப்பதுதானே நடந்திருக்கிறது என்று திருப்தியாகத் தலையை ஆட்டினார். பிறகு சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ள எங்கள் பக்கம் திரும்பினார்.

மாட்டின் முகத்தைப் பார்த்தே அது ராத்திரி தீனி தின்றதா இல்லையா என்று சொல்லக்கூடியவரிடம் ஐந்து குமாஸ்தாக்களின் முகம் எத்தனை நேரம் தாங்கும்? ஹெட்கிளார்க் சீட்டைக் கிழித்துக்கொண்டிருந்தார். துண்டுக்காரர் அந்தத் துணுக்குகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நம்ம எண்ணு மேல கட்டலீங்களா?"

"இல்லீங்க."

"நாலு வருசமாவுங்களா?"

"முதல் வாரம் கட்டினோமுங்க" என்றேன்.

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எத்தனையோ நன்றாக இருந்திருக்கும். அன்று ராத்திரி தங்கிய சத்திரத்தில் எல்லோருக்கும் இலை போட்டதும், தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தார். அதை இலையோடு மடித்துவிட்டு எழுந்தேன். மறுநாள் காலை மலை ரயிலில் குன்னூர் வரைக்கும் அவர் எதிர்ப் பக்கத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். துண்டு மடித்து மடியில் இருந்தது. இந்த மனிதர் இனிமேல் எவன் கைமேலும் அந்தத் துண்டைப் போட மாட்டார், அதற்குக் காரணம் நான் என்று நினைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வழியில் எத்தனை பாலம் வந்ததோ எனக்குத் தெரியாது.

குன்னூர் தாண்டியதும் அவரே கேட்டார்.

"அப்ப, நாம சொன்னது ஒரு தடவகூட முந்தி வந்ததில்லீங்களா?"

"ஒரு தடவை வந்துதுங்களே" என்றேன். "நேத்து."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஹெட்கிளார்க் பயந்து காலை மேலே தூக்கிக்கொண்டார்.

"ஏனுங்க, நீங்க மொதல்லயே சொல்றதுக்கென்ன? நான் ஓடறதுக்கா பாத்துச் சொன்னேன்? வூட்டுக்கு ஓட்டிட்டுப் போறதுக்குத்தானுங்க பாத்துச் சொல்லிப்போட்டேன். சத்தம் கேட்டா மெரண்டு ஓடற உருப்படியை ஆருங்க வாங்குவாங்க?"

நாலு வருஷமாக நாங்கள் குதிரைப் பந்தயம் பார்த்திருக்கிறோம், அவர் சந்தை பார்த்திருக்கிறார். நல்ல உருப்படிக்குத்தானே பரிசு கிடைக்கும் என்று இருந்துவிட்டார். ஜென்மத்துக்கும் வீட்டில் கட்டி வைத்துக்கொள்ளத் தகுந்த குதிரை எது என்று அவர் வாராவாரம் சரியாகத்தான் சொல்லி வந்திருக்கிறார். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்கவில்லை என்பது அவருடைய தப்பா?

ஊட்டியில் வாங்கி வந்த அடுத்த வாரப் புஸ்தகத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். கல்லாறு நெருங்கும்போது துண்டு என் கைமேல் வந்து விழுந்தது. உள்ளே முதலில் விரல் எதையும் அழுத்தவில்லை, கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, மூன்று விரலை அழுத்தினார். அடுத்த சனிக்கிழமைக்கு.

அடுத்த சனிக்கிழமை காலை ஹெட்கிளார்க் பழக்கதோஷத்தில் சிவப்பு மசிப் பேனாவை எடுத்தார். மூன்றாம் எண்ணுக்கு நேராக வந்ததும் கை நின்றது. பேனாவை மூடி வைத்துவிட்டு, எல்லோருடைய பணத்தையும் மூன்றின்மேல் கட்டச் சொன்னார். அது கடைசியாக வந்தது. அதற்கடுத்த வாரமும், அதற்குப் பின் வந்த வருஷங்களிலும் அவர் அழுத்திய எண்ணையே கட்டினோம். ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. ஊட்டியில் அப்படி ஓர் இடி மறுபடி இடிக்கவும் இல்லை.

ஆனால் திங்கட்கிழமை காபி கிளப்புக்குப் போக எனக்குக் கால் கூசவில்லை. வர்க்கிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, "கடைசிங்க" என்பேன். "எப்படி வந்துதுங்க?" என்று கேட்பார். தொழில் தருமத்தை எனக்காக அந்த அளவுக்குத் தளர்த்தியிருந்தார். "நிதானமா வந்துதுங்க" என்பேன். "அது போதுமுங்க" என்று வர்க்கியைப் பிட்டு எனக்கும் பாதி கொடுப்பார்.

அதற்கப்புறம் எதில் பணத்தைப் போடலாம் என்று எனக்கு எத்தனையோ பேர் யோசனை சொல்லியிருக்கிறார்கள். சிலர் சொன்னது பலித்தும் இருக்கிறது. தோற்கத்தான் போகிறோம் என்று தெரிந்தே, மனசு நிறைந்து நான் பணம் கட்டியது அந்த ஒரு மனிதரின் விரலை நம்பித்தான்.